எல்.டி. உள்ள குழந்தைக்கு சீக்கிரமே உதவி, வாராவாரம் அளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்க சிரமப்படுற குழந்தைங்களோட பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றது என் வேலை. பெத்தவங்களும் கிளாஸ் டீச்சருங்களும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்களை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. சில பதில் ரொம்ப நீளமா போயிருக்கும், அந்த இடத்துலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க, அதனால.

எல்.டி.ன்னா என்ன? மூளை மந்தமா?

இல்லவே இல்ல. கற்றல் குறைபாடுன்னா குழந்தையோட பொதுவான அறிவு, புரிஞ்சுக்கிற திறமை எல்லாம் வயசுக்கு ஏத்தமாதிரி இருக்கும், ஆனா வாசிக்கிறது, எழுதுறது, கணக்கு இந்த மூணுல ஒண்ணோ ரெண்டோ மட்டும் எவ்வளவு முயற்சி பண்ணாலும் சுலபத்துல பிடிபடாது. வாசிப்புல வந்தா டிஸ்லெக்சியா, எழுத்துல வந்தா டிஸ்கிராஃபியா, கணக்குல வந்தா டிஸ்கால்குலியா. இதுல அதிகமா பார்க்குறது வாசிப்பு பிரச்சினைதான், அதனால கீழ நிறைய உதாரணம் வாசிப்பை வச்சே இருக்கும். 1896லயே ஒரு பிரிட்டிஷ் டாக்டர் 14 வயசு பையன் ஒருத்தனைப் பத்தி எழுதியிருக்கார், பையன் நல்ல புத்திசாலி, ஆனா வாசிக்க மட்டும் வரலன்னு. 1963லதான் சாமுவேல் கிர்க் அமெரிக்காவுல பெத்தவங்க கூடின ஒரு கூட்டத்துல பேசும்போது இந்த "லேர்னிங் டிசெபிலிட்டி"ங்கற பேரை முன்வச்சார். பள்ளி வயசு குழந்தைங்கள்ல 100க்கு 5ல இருந்து 15 பேர் வரைக்கும் இது இருக்கலாம்னு மனநல மருத்துவர்கள் பயன்படுத்துற டி.எஸ்.எம்.-5 கையேடு சொல்லுது. அப்படின்னா ஒரு சராசரி கிளாஸ்ல ரெண்டு மூணு பேராவது இருப்பாங்க. உங்க குழந்தை மட்டும் இல்ல.

"கொஞ்சம் வளரட்டும், தானா சரியாயிடும்"னு சொல்றாங்களே?

இந்த ஒரு வாக்கியம் எத்தனை குழந்தைங்களோட ரெண்டு மூணு வருஷத்தை முழுங்கியிருக்குன்னு நெனச்சா எனக்கு நெஜமாவே வயிறு எரியும். சொல்றவங்க கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, அன்பாதான் சொல்றாங்க. ஆனா ஆராய்ச்சி வேற மாதிரி சொல்லுது. 1988ல கோனி ஜூயல் ஒரு பள்ளிக்கூடத்துல 54 குழந்தைங்களை ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து நாலாங்கிளாஸ் வரைக்கும் தொடர்ந்து பார்த்தாங்க. ஒண்ணாங்கிளாஸ் முடிவுல வாசிப்புல பின்தங்கின குழந்தை நாலாங்கிளாஸ் முடிவுலயும் பின்தங்கியே இருக்க வாய்ப்பு 0.88, அதாவது கிட்டத்தட்ட பத்துக்கு ஒம்போது. சின்ன ஆய்வுதான், ஆனா அதுக்கப்புறம் வந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுது.

ஏன் தானா சரியாகலன்னா, நல்லா வாசிக்கிற குழந்தை நிறைய வாசிக்கும், வாசிக்க வாசிக்க புது வார்த்தை தெரியும், வார்த்தை தெரியத் தெரிய இன்னும் சுலபமா வாசிக்கும். சிரமப்படுற குழந்தை புத்தகத்தைப் பார்த்தாலே ஒதுங்கும், ஒதுங்க ஒதுங்க பழக்கம் குறையும், அப்புறம் வாசிப்பு மட்டும் இல்லாம சயின்ஸ், சோஷியல்னு எல்லாமே கைவிட்டுப் போகும். 1986ல கீத் ஸ்டானோவிச் இதுக்கு மத்தேயு விளைவுன்னு பைபிள் வசனத்தை வச்சு பேர் சொன்னார், இருக்கிறவனுக்கு இன்னும் கிடைக்கும், இல்லாதவன்கிட்ட இருக்கிறதும் போயிடும்ங்கற அர்த்தத்துல. இடைவெளி சின்னதா இருக்கும்போது ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துல அடைக்கலாம், அதே இடைவெளி நாலு வருஷம் கழிச்சு பெருசான அப்புறம் ரெண்டு மடங்கு மூணு மடங்கு உழைப்பு கேக்கும்.

எந்த வயசுல என்ன பார்த்தா கவலைப்படணும்?

பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே சில விஷயம் தெரியும். பேச்சு தாமதமா வந்தது, எதுகை மோனை மாதிரி ஒலி விளையாட்டுல ஆர்வமே இல்லாதது, கலர் பேரையோ படத்தோட பேரையோ டக்குனு சொல்ல முடியாம தேடுறது, குடும்பத்துல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அண்ணனுக்கோ இதே சிரமம் இருந்தது. இதுல கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், டிஸ்லெக்சியா குடும்பத்துல ஓடும்.

பள்ளிக்கூடம் சேர்ந்த அப்புறம்: எழுத்தையும் ஒலியையும் சேர்க்க முடியாம திணறும். "படம்"ங்கற வார்த்தையில "ப"வை எடுத்துட்டா மிச்சம் என்னன்னு கேட்டா முழிக்கும். தமிழ்ல இன்னொரு சிக்கல் இருக்கு, "கொ"ன்னு எழுதும்போது கொம்பு முன்னாடி வருது ஆனா ஒலி பின்னாடி வருது, அப்புறம் கெ கே கை, ன ண, ல ள ழ, இதெல்லாம் எல்லா குழந்தைக்கும் கொஞ்ச நாள் குழம்பும்தான். கூட படிக்கிறவங்களுக்கு எல்லாம் தெளிஞ்ச அப்புறமும் இந்தக் குழந்தைக்கு மட்டும் தெளியலன்னாதான் கவனிக்கணும். எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுறதைப் பார்த்து பயந்து ஓடி வர்றவங்க நிறைய, ஆனா ஏழு வயசு வரைக்கும் அது சகஜம், அதை மட்டும் வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது.

இன்னொண்ணு. ஸ்கூலுக்குப் போகும்போது தினமும் வயித்து வலி, வாசிக்கச் சொன்னா பாத்ரூம் போகணும்ங்கறது, கிளாஸ்ல கோமாளித்தனம், இதுக்குப் பின்னாடியும் வாசிப்பு பிரச்சினை ஒளிஞ்சிருக்கலாம். சோம்பேறின்னு திட்டுறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி பக்கத்துல உக்காந்து கேளுங்க.

முதல்ல என்ன பண்ணணும்? எல்.டி.ன்னு சர்டிஃபிகேட் வாங்கணுமா?

முதல்ல கண்ணும் காதும். பார்வை, கேட்கும் திறன் ரெண்டையும் டெஸ்ட் பண்ணிடுங்க. அதுல ஒண்ணும் இல்லன்னா உடனே உதவி ஆரம்பிச்சிடணும், சர்டிஃபிகேட்டுக்காக காத்திருக்கக் கூடாது. முன்னாடி எல்லாம் ஐ.க்யூ. மார்க்குக்கும் படிப்பு மார்க்குக்கும் பெரிய வித்தியாசம் வந்தாதான் எல்.டி.ன்னு ஒத்துக்குவாங்க. அந்த வித்தியாசம் வரணும்னா குழந்தை சில வருஷம் ஃபெயிலாகிக் காட்டணும், அதனாலதான் இதை "தோக்குறவரைக்கும் காத்திருக்கிற முறை"ன்னு விமர்சனம் பண்ணாங்க. 2004ல அமெரிக்காவோட சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தினப்போ அந்த வித்தியாசத்தைக் கட்டாயமா கேக்கக் கூடாது, உதவி குடுத்து குழந்தை அதுக்கு எப்படி ரெஸ்பான்ட் பண்ணுதுன்னு பார்த்தும் முடிவு பண்ணலாம்னு கொண்டு வந்தாங்க. டி.எஸ்.எம்.-5ம் சரியான உதவி குடுத்தும் ஆறு மாசத்துக்கு மேல சிரமம் நீடிக்குதான்னுதான் கேக்குது. அதாவது உதவியும் அதோட அளவு ரெக்கார்டும் இருந்தா பின்னாடி டயக்னோசிஸ் பண்றவங்களுக்கே அது பெரிய ஆதாரம்.

ஸ்கூல்ல "டயர் ஒன், டயர் டூ"ன்னு சொல்றாங்க, ஒண்ணும் புரியல.

சிம்பிள்தான், டயர்னா அடுக்கு, உதவியை மூணு அடுக்கா குடுக்குறது. முதல் அடுக்கு, கிளாஸ் மொத்தத்துக்கும் நல்ல பாடம், கூடவே வருஷத்துக்கு மூணு தடவை எல்லா குழந்தைக்கும் சின்ன ஸ்க்ரீனிங், அதாவது யார் பின்தங்குறாங்கன்னு பார்க்குற டெஸ்ட். ரெண்டாவது, அதுல பின்தங்கினவங்களை மூணுல இருந்து அஞ்சு பேர் குரூப்பா எடுத்து வாரத்துக்கு மூணு நாலு தடவை, ஒரு தடவைக்கு இருபதுல இருந்து நாப்பது நிமிஷம் கூடுதலா சொல்லித் தர்றது. மூணாவது, அதுலயும் போதலன்னா தனியாவோ ரெண்டு மூணு பேராவோ வச்சு தினமும் ஆழமா. மாடிப்படி மாதிரி ஒவ்வொண்ணா ஏறித்தான் மேல வரணும்னு கட்டாயம் இல்ல, ரொம்ப பின்தங்கின குழந்தையை நேரா மூணாவதுக்கே கொண்டு போகலாம், போகணும்.

அந்தக் கூடுதல் வகுப்புல என்ன சொல்லித் தரணும்? டியூஷன் போதாதா?

டியூஷன்ல பொதுவா என்ன நடக்குதுன்னா ஸ்கூல் ஹோம்ஒர்க்கை முடிச்சு அனுப்புவாங்க. எழுத்து கூட்டவே தெரியாத குழந்தைக்கு கேள்வி பதில் மனப்பாடம் பண்ண வச்சா மார்க் வேணா ரெண்டு கூடும், வாசிப்பு வராது. வேண்டியது: வார்த்தையில இருக்கிற ஒலியைப் பிரிக்க சேர்க்க வாய்மொழியா பழக்குறது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஊகிக்க விடாம நேரடியா, சுலபத்துல இருந்து கஷ்டத்துக்கு வரிசையா சொல்லித் தர்றது, சொல்லிக் குடுத்த எழுத்து மட்டுமே வர்ற சின்னச் சின்ன வாக்கியம் குடுத்து வாசிக்க வைக்கிறது, ஒரே பத்தியை மூணு நாலு தடவை வாசிச்சு சரளம் வரவைக்கிறது, தப்பு வந்தா அந்த நொடியே அன்பா திருத்துறது. பழசை திரும்பத் திரும்ப தொட்டுக்கிட்டே போகணும். கணக்குன்னா பொருளை வச்சு, அப்புறம் படமா, அப்புறம் எண்ணா போறது, கூடவே தினமும் கொஞ்ச நேரம் அடிப்படைக் கூட்டல் கழித்தல் சரளத்துக்கு.

கலர் கண்ணாடி, கண் உடற்பயிற்சின்னு விக்கிறாங்க. 2009லயே அமெரிக்க குழந்தைகள் நல மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் சேர்ந்து இதுக்கு ஆதாரம் இல்லன்னு அறிக்கை குடுத்துட்டாங்க. காசை விட குழந்தையோட நேரம் போகுதேன்னுதான் எனக்கு வருத்தம். அதே கிளாஸ்ல இன்னொரு வருஷம் உக்கார வைக்கிறதும் அப்படித்தான், போன வருஷம் எந்த முறையில புரியலையோ அதே முறையில திரும்ப சொல்லிக் குடுத்தா மட்டும் எப்படி புரியும்.

ப்ரோக்ரஸ் மானிட்டரிங்னா மாசாமாசம் டெஸ்ட் வைக்கிறதா?

இல்லங்க, இதைத்தான் நான் எல்லாத்துக்கும் மேல முக்கியமா நெனைக்கிறேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஸ்கூல் டெஸ்ட் குழந்தையை அளக்குது. ப்ரோக்ரஸ் மானிட்டரிங், அதாவது வாராவாரம் சின்னதா அளந்து கிராஃப்ல குறிச்சுப் பார்க்குறது, நாம சொல்லித் தர்ற முறையை அளக்குது. கிராஃப்ல கோடு ஏறலன்னா மாத்த வேண்டியது டீச்சரோட பிளான், குழந்தை இல்ல.

1970கள்ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஸ்டான்லி டீனோவும் அவர் கூட இருந்தவங்களும் இதை உருவாக்க ஆரம்பிச்சாங்க. அவங்க தேடினது டீச்சரே பண்ணக்கூடிய, நிமிஷத்துல முடியிற, அடிக்கடி வைக்கக்கூடிய ஒரு அளவு. வாசிப்புக்கு அவங்க கண்டது ரொம்ப எளிமையான ஒண்ணு: ஒரு பத்தியைக் குடுத்து ஒரு நிமிஷம் சத்தமா வாசிக்கச் சொல்லி சரியா வாசிச்ச வார்த்தைங்களை எண்ணுறது. தப்பா சொன்னது, விட்டுட்டது, மூணு செகண்ட் தயங்கி நின்னது எல்லாம் தப்புக் கணக்கு. தானே திருத்திக்கிட்டா சரிதான். கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ஆனா இந்த ஒரு நிமிஷ எண் பெரிய வாசிப்புத் தேர்வுகளோட நல்லா ஒத்துப் போகுதுன்னு திரும்பத் திரும்ப ஆய்வுல வந்திருக்கு.

ஒவ்வொரு வாரமும் பத்தி வேறயா இருக்கணும், ஆனா கஷ்டம் ஒரே அளவா இருக்கணும். இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. போன வாரம் சுலபமான கதை, இந்த வாரம் கஷ்டமான கதைன்னு குடுத்தா எண் ஏறி இறங்குறது குழந்தையாலயா பத்தியாலயான்னே தெரியாது. அதே மாதிரி அளக்கிற பத்தியை வச்சு பாடம் நடத்தவும் கூடாது.

கிராஃப் எப்படி போடுறது? நான் கணக்குல வீக்.

கட்டம் போட்ட நோட்டு போதும். கீழ வாரம், பக்கவாட்டுல வார்த்தை எண்ணிக்கை. முதல் நாள் மூணு பத்தி குடுங்க, உதாரணமா 14, 19, 16னு வந்தா நடுவுல இருக்கிற 16ஐ எடுத்துக்கோங்க, அதுதான் பேஸ்லைன், ஆரம்ப அளவு. பன்னண்டு வாரத்துல வாரத்துக்கு ஒரு வார்த்தை கூடணும்னு வச்சா இலக்கு 28. 16ல இருந்து 28க்கு ஸ்கேல் வச்சு ஒரு கோடு இழுங்க, அது கோல் லைன். அப்புறம் வாராவாரம் ஒரு புள்ளி.

இப்போ இப்படி வருதுன்னு வைங்க: 17, 16, 19, 20. நாலாவது வாரம் சரியா கோட்டுலயே நிக்குது, சந்தோஷம். அடுத்து 19, 20, 20, 21. கோடு சொல்றது 21, 22, 23, 24. தொடர்ந்து நாலு புள்ளி கோட்டுக்குக் கீழ. இந்த அளவு முறையோட பழைய விதிப்படி இந்த இடத்துல பாடத்தை மாத்தணும். நாலுமே கோட்டுக்கு மேல இருந்தா இலக்கை உயர்த்தணும். பின்னாடி வந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு எச்சரிக்கை சொல்றாங்க, ஒரு நிமிஷ அளவுல இயல்பாவே ஏத்த இறக்கம் நிறைய, அதனால ரெண்டு மூணு புள்ளியைப் பார்த்து எல்லாம் குதிக்காதீங்க, கொஞ்சம் சேர்ந்த அப்புறம் மொத்தமா எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்கன்னு. நான் ஆறு ஏழு புள்ளிக்கு முன்னாடி பெரிய முடிவு எடுக்க மாட்டேன், ஆனா ஒரு டெர்ம் முழுக்க கோட்டுக்குக் கீழயே போறதை வேடிக்கை பார்க்கவும் மாட்டேன்.

எத்தனை வார்த்தை வாசிக்கணும்னு இன்டர்நெட்ல ஒரு டேபிள் பார்த்தேன், என் பையன் அதுல பாதி கூட இல்ல!

அந்த டேபிள் பெரும்பாலும் இங்கிலீஷுக்கு. தமிழுக்கு அதைப் போடவே கூடாது. "வந்துகொண்டிருந்தார்கள்"னு நாம ஒரே வார்த்தையா எழுதுறதை இங்கிலீஷ்ல மூணு வார்த்தையா எழுதுவாங்க. தமிழ் வாசிப்புன்னா எழுத்து எண்ணிக்கையா கூட எண்ணலாம், இல்லன்னா அதே கிளாஸ்ல சராசரியா வாசிக்கிற நாலஞ்சு குழந்தைங்களுக்கு அதே பத்தியைக் குடுத்து அதை அளவுகோலா வச்சுக்கலாம். எல்லாத்தையும் விட உங்க பையனோட போன மாச எண்தான் சரியான ஒப்பீடு. வீட்ல ஒரு மொழி ஸ்கூல்ல ஒரு மொழின்னா ரெண்டுலயும் பாருங்க, ஒண்ணுல மட்டும் சிரமம்னா பழக்கம் போதாம இருக்கலாம், ரெண்டுலயும் ஒலியைப் பிரிக்கவே வரலன்னா எல்.டி.யான்னு பார்க்கணும்.

கோடு ஏறலன்னா என்ன மாத்துறது?

மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: பிளான்ல இருந்தது நடந்துச்சா? வாரத்துக்கு நாலு நாள்னு எழுதியிருக்கும், ஸ்போர்ட்ஸ் டே, காய்ச்சல், டீச்சர் லீவுன்னு நெஜத்துல ரெண்டு நாள்தான் நடந்திருக்கும். அப்படின்னா முறை தப்பில்ல, மருந்து குடுக்கவே இல்ல. அதனால கிராஃபுக்குக் கீழயே எத்தனை நிமிஷம் நடந்துச்சுன்னு எழுதி வைங்க.

நடந்தும் ஏறலன்னா தப்புங்களைப் படிங்க. எண் மட்டும் பார்க்காதீங்க, என்ன தப்புன்னு பாருங்க. ஒரு தடவை ஒரு சின்னப் பொண்ணு வாசிச்சப்போ தப்பைக் குறிச்சு வச்ச ஏழு வார ஷீட்டை விரிச்சு வச்சுப் பார்த்தேன், தப்பு எல்லாமே நெடில் குறில்லதான், "கல்"லை "கால்"னு, "பெட்டி"யை "பேட்டி"னு. நான் என்னடான்னா சரளம் வரணும்னு திரும்பத் திரும்ப பத்தி வாசிக்க வச்சுக்கிட்டிருந்தேன். அதை நிறுத்திட்டு ரெண்டு வாரம் குறில் நெடிலை மட்டும் கையை நீட்டிக் குறுக்கி ஒலிச்சு காட்டி, கலந்து அடுக்கி வாசிக்க வச்சோம். மூணாவது வாரத்துல இருந்து கோடு ஏற ஆரம்பிச்சுது. ஷீட் இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு வேகம் போதலன்னே இன்னும் சொல்லிக்கிட்டிருந்திருப்பேன்.

மாத்தும்போது ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, நேரத்தைக் கூட்டுறது, குரூப்பைச் சின்னதாக்குறது, ஒரு படி கீழ இறங்கி சொல்லித் தர்றது, இப்படி. மாத்தின நாள்ல கிராஃப்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு போடுங்க, அப்போதான் முன்னாடி பின்னாடி தெரியும்.

வாசிப்பு மட்டும்தானா? கணக்கு, எழுத்துக்கு?

இருக்கு. கணக்குக்கு ரெண்டு நிமிஷத்துல போட்ட விடைகள்ல சரியான இலக்கங்களை எண்ணுவாங்க, சின்ன குழந்தைன்னா ரெண்டு எண்ல எது பெருசு, வரிசையில விட்டுப்போன எண் எது, இந்த மாதிரி. எழுதுறதுக்கு கதையோட முதல் வரியைக் குடுத்து மூணு நிமிஷம் எழுத விட்டு வார்த்தைங்களை எண்ணுறது. பெரிய பசங்களுக்கு சத்தமா வாசிக்க வெக்கமா இருக்கும், அவங்களுக்கு ஏழு வார்த்தைக்கு ஒரு தடவை மூணு சாய்ஸ் குடுத்து சரியானதை வட்டம் போடுற மௌன வாசிப்பு நல்லாயிருக்கும், புரிஞ்சு வாசிக்கிறாங்களான்னும் அதுல தெரியும்.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. லேட் ஆயிடுச்சா?

லேட்தான், ஆனா முடிஞ்சு போகல. வாசிப்புப் பயிற்சிக்கு அப்புறம் மூளையோட இடது பக்க வாசிப்புப் பகுதிங்க கூடுதலா வேலை செய்ய ஆரம்பிக்கிறதை ஸ்கேன்லயே பார்த்திருக்காங்க. பெரிய குழந்தைக்கு நேரம் அதிகம் வேணும், அதோட பாடமும் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால பயிற்சி ஒரு பக்கம் நடக்கும்போதே பரீட்சையில கூடுதல் நேரம், கேள்வியை வாசிச்சுக் காட்டுறது, ஆடியோ புத்தகம் இதெல்லாம் இன்னொரு பக்கம் குடுத்துடணும். அது சலுகை இல்ல, கண்ணாடி போடுற மாதிரி. ஆனா அதைக் குடுத்துட்டு பயிற்சியை நிறுத்திடக் கூடாது. ஏழாவது படிக்கிற பொண்ணுக்கு ஒண்ணாங்கிளாஸ் கதைப் புத்தகம் குடுக்காதீங்க, அவமானமா இருக்கும், வார்த்தை சுலபமாவும் விஷயம் அவ வயசுக்கும் இருக்கட்டும், இல்லன்னா உக்காந்து நீங்களே எழுதிக் குடுங்க.

வாராவாரம் அளந்தா குழந்தைக்கு டென்ஷன் ஆகாதா?

எல்லார் முன்னாடியும் பண்ணா கண்டிப்பா ஆகும். தனியா பண்ணுங்க, ஸ்டாப் வாட்சை மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க, "வேகமா"ங்கற வார்த்தையே வேண்டாம், "உன்னோட நல்ல வாசிப்பை வாசிச்சுக் காட்டு"ன்னு சொன்னா போதும். வேகமா வாசின்னு சொன்னா குழந்தை வார்த்தையை விழுங்கும், எண் கூடும், படிப்பு கூடாது. புள்ளியை குழந்தை கையாலயே வைக்க விடுங்க. இத்தனை நாள் பக்கத்து பெஞ்சோட மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்த குழந்தைக்கு, முதல் தடவை தன்னோட போன வாரத்தோட ஒப்பிட்டுப் பார்க்க கிடைக்குது. இறங்கின வாரத்துல "பரவால்ல, இந்த வாரம் நான் சொல்லிக் குடுத்ததுல என்ன குறைன்னு பாக்குறேன்"னு சொல்லுங்க.

ஸ்கூல்கிட்ட போய் என்னன்னு கேக்குறது?

"எப்படி படிக்கிறா?"ன்னு கேட்டா "பரவால்லங்க, இம்ப்ரூவ் ஆகுறா"ன்னு பதில் வரும், அதுல ஒண்ணும் இல்ல. இப்போ எந்தத் திறமையை சொல்லித் தர்றீங்க, வாரத்துக்கு மொத்தம் எத்தனை நிமிஷம், எந்த எண்ணை வச்சு அளக்குறீங்க, போன தடவை பிளானை எப்போ மாத்துனீங்க, இதைக் கேளுங்க. சண்டைக்குப் போகாதீங்க, பெரும்பாலான டீச்சருங்களுக்கு மனசு இருக்கு, நேரமும் பயிற்சியும்தான் இல்ல. வீட்ல பத்து நிமிஷம் நான் பண்றேன், ஷீட் குடுங்கன்னு சொல்லிப் பாருங்க.

எப்போ நிறுத்தலாம்?

குழந்தை கிளாஸ் சராசரியைத் தொட்டு சில வாரம் அங்கேயே நின்னா கூடுதல் வகுப்பை ஒரேயடியா வெட்டாம கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. அளக்கிறதை மட்டும் மாசத்துக்கு ஒரு தடவையா அடுத்த வருஷம் வரைக்கும் வச்சுக்கோங்க, முக்கியமா பெரிய லீவு முடிஞ்சு வந்த முதல் வாரம், அப்புறம் பாடப் புத்தகம் திடீர்னு கனமாகுற வகுப்புக்கு ஏறும்போது. திரும்ப கோட்டுக்குக் கீழ போச்சுன்னா பழைய நோட்டை எடுங்க, எது வேலை செஞ்சுதுன்னு அதுலயே எழுதியிருக்கும், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.